கெனெனிசா பெக்கெலே: மாரத்தானை மட்டும் வைத்து அளக்கலாமா?

நெடுந்தூரன் எழுதியது:

எல்லாக் காலத்துக்குமான சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் யார் என்று பேச்சு எழுந்தாலே இப்போதெல்லாம் கென்யாவின் கிப்சோகே என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கிப்சோகே மாபெரும் வீரர், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் அந்தப் பேச்சில் எத்தியோப்பியாவின் பெக்கெலேயை "பெர்லின் மாரத்தானில் 2 வினாடியில் உலக சாதனையைத் தவறவிட்டவர்" என்ற ஒரு வரியோடு ஓரங்கட்டுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

மாரத்தானை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர் கணக்கைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் 3 தங்கம், 1 வெள்ளி. உலக தடகளப் போட்டியில் 5 தங்கம், 1 வெண்கலம். 5,000 மீட்டரில் 12:37.35, 10,000 மீட்டரில் 26:17.53 என்ற உலக சாதனைகள் இரண்டுமே 15 ஆண்டுக்கு மேல் நின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக உலக கிராஸ் கன்ட்ரியில் சீனியர் பிரிவில் மட்டும் 11 தனிநபர் தங்கம். என் பார்வையில் அவருடைய ஆகப் பெரிய சாதனை இந்தக் கடைசி வரிதான். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

சாலைவேகம் எழுதியது:

மதிப்பெல்லாம் சரி நண்பரே, ஆனால் நேருக்கு நேர் மாரத்தானில் என்ன நடந்தது? 2014 சிகாகோவில் கிப்சோகே முதலிடம், பெக்கெலே நான்காமிடம். 2017 பெர்லினில் கிப்சோகே வென்றார், பெக்கெலே பாதியில் விலகினார். 2018 லண்டனில் கிப்சோகே முதலிடம், பெக்கெலே ஆறாமிடம். ரியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் கிப்சோகேவுக்கு. உலக சாதனையை 2:01:39, அப்புறம் 2:01:09 என்று இரண்டு முறை இறக்கினார். நெடுந்தூரத்தின் உச்சம் மாரத்தான் என்றால் பதில் தெளிவாகத்தானே இருக்கிறது?

நெடுந்தூரன் எழுதியது:

"உச்சம் மாரத்தான் என்றால்" என்று நீங்கள் போட்ட அந்த நிபந்தனையில்தான் என் பிரச்சினையே. டிராக்கில் இதே இருவரும் ஒரே வயதுக்காரர்கள் போலச் சேர்ந்து ஓடியவர்கள். 2003 பாரிஸ் உலகப் போட்டியின் 5,000 மீட்டர் இறுதியில் கிப்சோகே தங்கம், மொராக்கோவின் எல் கெருஜ் வெள்ளி, பெக்கெலே வெண்கலம். மூவரும் அரை வினாடிக்குள். அடுத்த ஆண்டு ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் எல் கெருஜ் தங்கம், பெக்கெலே வெள்ளி, கிப்சோகே வெண்கலம். 2008 பெய்ஜிங்கில் பெக்கெலே 12:57.82 ஓடி ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வாங்கினார். வெள்ளி வாங்கிய கிப்சோகே 5 வினாடி பின்னால். 5,000 மீட்டர் இறுதிப்போட்டியில் 5 வினாடி என்பது ஏறக்குறைய 30 மீட்டருக்கும் மேல்.

2012 ஒலிம்பிக்குக்கு கென்ய அணியில் இடம் கிடைக்காத பிறகுதான் கிப்சோகே சாலைக்கு வந்தார். அந்த முடிவு அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. டிராக்கில் அவரை மிஞ்சி நின்றவர் பெக்கெலே. சாலையில் பெக்கெலேயை மிஞ்சியவர் அவர். இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமா?

புதுக்காலணி எழுதியது:

இந்த விளையாட்டை இப்போதுதான் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கிராஸ் கன்ட்ரி என்றால் மேடு பள்ளம், சேறு, புல் என்று ஓடுவது என்று மட்டும் தெரியும். அதில் 11 தங்கம் என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? யாராவது கொஞ்சம் விளக்க முடியுமா அண்ணா?

மலைப்பாதை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிராக்கில் 1,500, 5,000, 10,000 என்று ஆட்கள் பிரிந்துவிடுவார்கள். உலக கிராஸ் கன்ட்ரியில் அந்தச் சலுகை இல்லை. 1,500 மீட்டர் மின்னல்களிலிருந்து மாரத்தான்காரர்கள் வரை ஒரே கோட்டில் வந்து நிற்பார்கள். கென்யாவும் எத்தியோப்பியாவும் ஒரு பிரிவுக்கே பல பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு 3 பேர் என்ற வரம்பு இருக்கிறதல்லவா, இங்கே அதைவிட அதிகம். அதனால் ஒலிம்பிக் இறுதியை விட இங்கே வெல்வது கடினம் என்று பல பழைய வீரர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1998 முதல் 2006 வரை ஆண்களுக்கு இரண்டு பந்தயம்: 4 கிலோமீட்டர் அளவில் ஒரு குறுகிய ஓட்டம், 12 கிலோமீட்டர் அளவில் ஒரு நீண்ட ஓட்டம். ஒரே வார இறுதியில் இரண்டும் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற ஆண் அதுவரை யாருமே இல்லை. 2002-இல் டப்ளினில் பெக்கெலே அதைச் செய்தார், அப்போது வயது 19. 2003 லோசான், 2004 பிரசல்ஸ், 2005 செயின்ட் எத்தியென், 2006 ஃபுகுவோகா என்று ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக இரண்டையும் வென்றார். ஆக 10 தங்கம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் நாள் அந்தக் குறுகிய ஓட்டத்தை முழு மூச்சில் ஓடி முடித்த கால்கள், மறுநாள் நீண்ட ஓட்டத்துக்கு அப்போதுதான் ஓய்விலிருந்து வரும் புதுக் கால்களோடு மோத வேண்டும். அவருடைய எதிராளிகளில் பலர் ஒரே பந்தயத்துக்காக மட்டும் தயாராகி வந்தவர்கள். அவரோ இரண்டுக்கும். அந்தச் சுமையோடு ஐந்து வருடம்!

அவருக்கு முன் கென்யாவின் ஜான் நுகியும் பால் டெர்கட்டும் நீண்ட ஓட்டத்தில் தலா 5 தங்கம் வைத்திருந்தார்கள். 2008-இல் எடின்பரோவில் வென்று பெக்கெலே அதை 6 ஆக்கினார்.

ஸ்பைக்ஸ் எழுதியது:

எடின்பரோ! அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசாமல் நகரக் கூடாது.

அதற்கு முந்தைய ஆண்டு மொம்பாசாவில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊர், கடும் வெயில், காற்றில் ஈரம். எரித்திரியாவின் செர்செனய் டடேசே விடாமல் விரட்டினார். கடைசிச் சுற்றில் பெக்கெலே ஓட முடியாமல் நின்றுவிட்டார். 2001 முடிவிலிருந்து கிராஸ் கன்ட்ரியில் தோல்வியே அறியாத மனிதர் பாதையை விட்டு விலகி நின்றதைப் பார்த்தபோது என் தொண்டை அடைத்துவிட்டது. குறுகிய ஓட்டத்தையும் அதற்குள் நிறுத்திவிட்டார்கள். அவர் காலம் முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள்.

எடின்பரோவில் பந்தயத்தின் தொடக்க நெரிசலிலேயே பின்னால் வந்த யாரோ குதிகாலை மிதிக்க, பெக்கெலேயின் ஷூ கழன்றுகொண்டது. அவர் நின்றார். ஒதுங்கினார், குனிந்தார், ஷூவை இழுத்து மாட்டினார். அந்த இடைவெளியில் முழுக் கூட்டமும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. உலகிலேயே கடினமான பந்தயத்தில், கென்ய அணி முழுவதும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடக்கிறது.

என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான். பதறி ஒரே மூச்சில் துரத்தியிருந்தால் அவ்வளவு தூரம் தாங்கியிருக்க மாட்டார். ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார். முன்னணிக் குழுவின் வாலைப் பிடித்தார். அங்கேயே சற்று மூச்சு வாங்கினார். கடைசியில் டடேசேயும் கென்ய இளைஞர் லெனர்ட் கோமோனும் எஞ்சியபோது ஒரே ஒரு முடுக்கம். கோமோன் 3 வினாடி பின்னால். ஒரு ஓட்டக்காரரின் காலையும் தலையையும் ஒரே பந்தயத்தில் பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சாலைவேகம் எழுதியது:

கிராஸ் கன்ட்ரி விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அது இன்று யார் பார்க்கும் விளையாட்டு? 2011-க்குப் பிறகு உலகப் போட்டியே இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் என்று குறைத்துவிட்டார்கள். அந்தப் பதக்கங்களுக்கு இருக்கும் எடை இறங்கிவிட்டதே.

நெடுந்தூரன் எழுதியது:

பார்வையாளர் குறைந்தால் பதக்கத்தின் எடை எப்படிக் குறையும்? அவர் வென்ற நாளில் அங்கே யார் யார் ஓடினார்கள் என்பதுதானே எடை. ஒலிம்பிக் சாம்பியன்கள், உலக சாதனையாளர்கள் எல்லோரும் அந்தச் சேற்றில்தான் நின்றார்கள்.

கடைசிச்சுற்று எழுதியது:

டிராக் பக்கம் கொஞ்சம் வருகிறேன். 2003 பாரிஸ் 10,000 மீட்டர் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.

ஹைலே கெப்ரசெலாசிதான் அப்போது எத்தியோப்பியாவின் முடிசூடிய மன்னர். இரண்டு ஒலிம்பிக் தங்கம், நான்கு உலகத் தங்கம், எல்லாமே 10,000 மீட்டரில். அவரை முன்னுதாரணமாகப் பார்த்து வளர்ந்த 21 வயதுப் பையன் பெக்கெலே. முதல் 5,000 மீட்டரை 13:52-இல் மெதுவாகக் கடந்தார்கள். அப்புறம் ஹைலே, பெக்கெலே, சிலேஷி சிஹினே மூவரும் வேகத்தைக் கூட்டினார்கள். இரண்டாவது 5,000 மீட்டர் 12:57. இதைத் திரும்பப் படியுங்கள்: ஏற்கெனவே 5 கிலோமீட்டர் ஓடிய கால்களோடு 12:57. பெய்ஜிங்கில் அவர் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வாங்கிய 5,000 மீட்டர் நேரமும் கிட்டத்தட்ட அதேதான்! பெக்கெலே தங்கம், ஹைலே வெள்ளி, சிஹினே வெண்கலம்.

அடுத்த ஆண்டு ஏதன்ஸில் ஹைலேயின் குதிகால் தசைநாரில் காயம். பந்தயத்தின் நடுவே அவர் பின்தங்கியபோது, முன்னால் ஓடிய பெக்கெலேயும் சிஹினேயும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், வேகத்தையும் தணித்தார்கள். பெரியவர் வந்து சேரட்டும் என்ற காத்திருப்பு அது. ஒலிம்பிக் இறுதியில்! ஹைலேயால் ஒட்ட முடியவில்லை என்பது உறுதியான பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். கடைசிச் சுற்றை பெக்கெலே 54 வினாடிக்கும் குறைவாக ஓடினார். ஹைலே ஐந்தாமிடம்.

10,000 மீட்டரில் 2003-இல் தொடங்கி 2011 தேகு உலகப் போட்டி வரை இவரை யாரும் வென்றதே இல்லை. 2009 பெர்லினில் 10,000, 5,000 இரண்டையும் ஒரே உலகப் போட்டியில் வென்ற முதல் ஆணும் இவர்தான். பிரிட்டனின் மோ ஃபாரா அதைச் செய்ததெல்லாம் அப்புறம்.

புதுக்காலணி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். அந்த இரண்டு உலக சாதனைகளையும் 2020-இல் செப்டெகெய் முறியடித்துவிட்டாரே. அப்படியென்றால் டிராக்கில் செப்டெகெய்தான் பெரியவர் என்று ஆகாதா?

ஸ்பைக்ஸ் எழுதியது:

செப்டெகெய் அருமையான வீரர், உகாண்டாவுக்கு அவர் கொண்டுவந்த பெருமை சாதாரணமானதல்ல. மொனாக்கோவில் 12:35.36, வேலன்சியாவில் 26:11.00. ஆனால் நேரங்களை ஒப்பிடும்போது சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020-இல் டிராக்கின் உள்விளிம்பில் விளக்குகள் ஓடின. சாதனை வேகம் எது என்பதை அந்த ஒளி ஒவ்வொரு அடியிலும் காட்டிக்கொண்டே போகும். ஒரு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று சக்தி வீணாவதே இல்லை. காலில் புதுவகை நுரை அடித்தட்டு வைத்த ஸ்பைக்ஸ் காலணி வேறு.

2005 ஆகஸ்டில் பிரசல்ஸில் பெக்கெலே 26:17.53 ஓடியபோது விளக்கும் இல்லை, அந்த நுரையும் இல்லை. 25 சுற்று, சராசரியாகச் சுற்றுக்கு 63.1 வினாடி. வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஓடும் பேஸ்மேக்கர்கள் ஒதுங்கிய பிறகு மீதித் தூரத்தை உள்ளே இருக்கும் கடிகாரத்தை நம்பித்தான் ஓட வேண்டும். அப்படியும் இரண்டு பாதிகளும் ஏறக்குறைய ஒரே நேரம். எனக்கு அந்த இரவுதான் டிராக் ஓட்டத்தின் சிகரம்.

மலைப்பாதை எழுதியது:

அந்த ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும்.

2005 ஜனவரி 4. பெக்கெலேயும் அவர் மணமுடிக்கவிருந்த ஆலெம் டெச்சாலேயும் அடிஸ் அபாபாவின் வெளிப்புறத்தில் சேர்ந்து பயிற்சி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆலெமும் சாதாரண ஆள் இல்லை, 2003-இல் உலக இளையோர் போட்டியில் 1,500 மீட்டர் சாம்பியன். ஓடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். காப்பாற்ற முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். மற்றவர்களுக்குத் துக்கம் வந்தால் ஓடப் போய் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இவருக்கு ஓடுவதே அந்தக் காலையை நினைவூட்டும் செயல். காலணியை மாட்டும் ஒவ்வொரு நாளும். அந்தக் குளிர்காலத்து உள்ளரங்கப் பந்தயங்களில் அவர் தடுமாறித் தோற்றார், யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மார்ச் மாதம் செயின்ட் எத்தியெனில் கிராஸ் கன்ட்ரி. இரண்டு பந்தயமும் ஓடினார், இரண்டையும் வென்றார். ஆகஸ்டில் ஹெல்சின்கியில் உலகத் தங்கம். அதே மாதம்தான் ஸ்பைக்ஸ் சொன்ன அந்த பிரசல்ஸ் இரவும்.

பதக்கப் பட்டியலில் இதெல்லாம் வெறும் வரிகளாகத்தான் தெரியும். எனக்கு 2005-இன் ஒவ்வொரு வரியும் கனக்கிறது.

சாலைவேகம் எழுதியது:

இதை இவ்வளவு விவரமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றி.

ஆனாலும் என் கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. இவ்வளவு திறமை உள்ளவர் மாரத்தானில் ஏன் நிலையாக ஓடவில்லை? 2014 பாரிஸில் முதல் மாரத்தானே 2:05:04, பாதை சாதனை. 2016 பெர்லினில் கென்யாவின் வில்சன் கிப்சாங்கை வென்று 2:03:03. ஆனால் துபாயில் பாதியில் விலகல், 2017 பெர்லினில் விலகல், 2018 ஆம்ஸ்டர்டாமில் கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துக்கு முன்பு விலகல். கிப்சோகேவிடம் இந்த ஏற்ற இறக்கமே கிடையாதே.

நெடுந்தூரன் எழுதியது:

காரணம் பெரும்பாலும் கெண்டைக்கால். 2010-இல் வந்த அந்தக் காயம் அவரை ஏறத்தாழ இரண்டு ஆண்டு முடக்கிப் போட்டது. 2011 தேகுவில் திரும்பி வந்தவர் 10,000 மீட்டரை முடிக்க முடியாமல் விலகினார். அதற்கு சில வாரத்திலேயே பிரசல்ஸில் 26:43.16 ஓடினார் என்பதையும் மறக்க வேண்டாம். லண்டன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். வெண்கலம் வாங்கியவர் அவருடைய சொந்தத் தம்பி தாரிக்கு.

பெக்கெலே முன்பாதம் ஊன்றி ஓடுபவர். டிராக்கில் அந்த வெடிப்பான கடைசிச் சுற்றைத் தந்ததும் அந்தப் பாணிதான். ஆனால் அப்படி ஓடும்போது கெண்டைக்கால் தசையிலும் குதிகால் தசைநாரிலும் பாரம் கூடும். தார்ச்சாலையில் வாரத்துக்கு அவ்வளவு கிலோமீட்டர் போடும் மாரத்தான் பயிற்சிக்கு, ஏற்கெனவே காயம்பட்ட கெண்டைக்காலோடு, 30 வயதுக்கு மேல் போனார். கிப்சோகேவுக்கு உடம்பு ஒத்துழைத்தது. கென்யாவின் கப்டகட் பயிற்சி முகாமில் பாட்ரிக் சாங் என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் வருடக்கணக்கில் ஒரே ஒழுங்கு. பெக்கெலேயின் பயிற்சியில் அந்தத் தொடர்ச்சி இல்லை, அதை அவர் ரசிகனாக வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கடைசிச்சுற்று எழுதியது:

நிலைத்தன்மை இல்லை என்பது சரி. ஆனால் 2019 பெர்லினை இன்னொரு முறை பாருங்கள் சாலைவேகம்.

அவ்வளவு விலகல்களுக்கும் பிறகு, 37 வயதில் வந்து நிற்கிறார். 30 கிலோமீட்டருக்குப் பிறகு தொடைப் பின்தசையில் பிடிப்பு, சக எத்தியோப்பியர் லெகேசே அவரை விட்டு முன்னால் போகிறார். முந்தைய ஆண்டுகளின் பெக்கெலே அங்கே விலகியிருப்பார் என்று நானே நினைத்தேன். அவர் தன் தாளத்தைத் திரும்பப் பிடித்து, லெகேசேயை எட்டி, தாண்டி, தனியாக உலக சாதனையைத் துரத்திக்கொண்டு போனார். 2:01:41. "2 வினாடியில் தவறவிட்டார்" என்று சொல்லும் எல்லோரும் அந்தக் கடைசி 10 கிலோமீட்டரை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2024 லண்டனில் 41 வயதில் 2:04:15 ஓடி இரண்டாமிடம். அந்த ஓட்டத்தால் 12 ஆண்டுக்குப் பிறகு எத்தியோப்பிய ஒலிம்பிக் அணிக்குள் வந்தார். பாரிஸில் 39-ஆம் இடம்தான், ஆனால் முடித்தார். அதே நாளில் கிப்சோகேவால் முடிக்க முடியவில்லை. இதைக் கிப்சோகேவைக் குறைத்துச் சொல்லவில்லை. இருவரும் 2003-இல் இதே பாரிஸில்தான் தோளோடு தோள் ஓடினார்கள், 21 ஆண்டு கழித்தும் இருவரும் ஒலிம்பிக் தொடக்கக் கோட்டில் நின்றார்கள். எவ்வளவு பெரிய விஷயம்!

சாலைவேகம் எழுதியது:

மாரத்தான் என்று வந்தால் என் ஓட்டு இன்னமும் கிப்சோகேவுக்குத்தான், அதில் மாற்றம் இல்லை. டிராக், கிராஸ் கன்ட்ரி, சாலை மூன்றையும் சேர்த்து ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெக்கெலேதான். ஹைலேயை அந்த வரிசையில் எங்கே வைப்பீர்கள்?

மலைப்பாதை எழுதியது:

ஹைலேயிடம் டிராக்கும் சாலையும் உண்டு. மாரத்தான் உலக சாதனையை 2007, 2008 என்று இரண்டு முறை பெர்லினிலேயே படைத்தவர். 2:04-க்குள் ஓடிய முதல் ஆளும் அவர். ஆனால் உலக கிராஸ் கன்ட்ரியில் சீனியர் தங்கம் அவருக்கு வாய்க்கவில்லை. அந்த ஒரு இடத்தில்தான் பெக்கெலே தனியாக நிற்கிறார்.

ஊர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இருவருமே எத்தியோப்பியாவின் அர்சி பகுதிக்காரர்கள். பெக்கெலேயின் ஊர் பெகோஜி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். 1992 பார்சிலோனாவில் தங்கம் வென்ற டெரார்ட்டு துலு, ஓட்ட வீராங்கனைகளான டிபாபா சகோதரிகள் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்களே. செண்டயெஹு எஷெட்டு என்ற பள்ளி ஆசிரியர் அந்தப் பிள்ளைகளில் பலரைப் பயிற்றுவித்தார். உயரம் மட்டும் காரணம் என்றால் உலகின் எல்லா மலையூர்களிலிருந்தும் சாம்பியன்கள் வந்திருக்க வேண்டும். விடியற்காலையில் பிள்ளைகளைக் காட்டுப்பாதைக்கு அழைத்துப்போக ஒரு ஆசிரியர் இருந்தார், தமக்கு முன்னால் துலு போய் வென்று காட்டியிருந்தார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதுக்காலணி எழுதியது:

இந்த இழையை முழுக்க இரண்டு தடவை படித்துவிட்டேன். பழைய பந்தயங்களை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள் அண்ணா.

ஸ்பைக்ஸ் எழுதியது:

முதலில் எடின்பரோ 2008. அப்புறம் ஏதன்ஸ் 10,000, முழுப் பந்தயமும் பார்க்க வேண்டும், கடைசிச் சுற்றை மட்டும் வெட்டிப் போட்டிருக்கும் துணுக்கு வேண்டாம். பெய்ஜிங் 5,000-இல் கடைசி நாலு சுற்றை மட்டும் கைக்கடிகாரத்தில் அளந்து பாருங்கள், அவர் எப்போது எல்லோரையும் பின்னால் தள்ளத் தொடங்குகிறார் என்பது தெரியும். பெர்லின் 2019-ஐ இவை எல்லாம் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச்சுற்று எழுதியது:

பாரிஸ் 2003-ஐ விட்டுவிட்டீர்களே! அதை ஏதன்ஸுக்கு முன்னால் பார்த்துவிடு தம்பி. பாரிஸில் ஹைலே எப்படிப் போராடினார் என்று தெரிந்தால்தான், ஏதன்ஸில் அவர்கள் ஏன் அத்தனை முறை திரும்பிப் பார்த்தார்கள் என்பது புரியும்.